புது நீச்சல் குளம்: குளோரினுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டில் புதிதாகக் கட்டிய குளத்தில் தண்ணீர் நிறைந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, ஒரு டப்பா குளோரினை வாங்கிவந்து கொட்டுவது. மறுநாள் தண்ணீர் பால்போல வெளுத்துக் கிடக்கும். இல்லையென்றால் டீ டிகாஷன் நிறத்துக்கு மாறியிருக்கும். யாரிடமாவது கேட்டால், "இன்னும் கொஞ்சம் குளோரின் போடுங்க" என்பார்கள். குளோரின்மேல் பழி இல்லை. அது போய் விழுந்த தண்ணீரில் ஏற்கெனவே என்னென்ன கரைந்திருந்தது என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குளத்து நீரைச் சமன் செய்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கிருமியும் பாசியும் பிழைக்காதபடி குளோரினை வேலை செய்ய வைப்பது ஒன்று. தண்ணீர் குளத்தையே அரித்துத் தின்னாமலும், அதன்மேல் சுண்ணாம்பைப் பூசாமலும் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் செய்யும்போது ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும்: குளத்தில் போடுகிற எந்தப் பொருளும் வேலையை முடித்துவிட்டுச் சும்மா மறைவதில்லை. உப்பு, சுண்ணாம்பு, அமிலம் என்று ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகும். முதல் மாதத்தில் சரியாக இருந்த குளம் ஆறாம் மாதத்தில் தகராறு செய்வதற்கு இந்த மிச்சங்கள்தான் காரணம்.

முதலில் லிட்டர் கணக்கு

குளம் எத்தனை லிட்டர் என்று தெரியாமல் எதையும் அளந்து போட முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000 ஆல் பெருக்கினால் லிட்டர். ஆழம் குறைந்த முனையில் 0.9 மீட்டர், ஆழமான முனையில் 1.6 மீட்டர் என்றால் சராசரி 1.25. நீளம் 8, அகலம் 4 என்றால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். இந்தக் கட்டுரையின் அளவுகளெல்லாம் இந்தக் குளத்துக்கானவை. உங்கள் குளத்துக்கு விகிதப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு வழிய வழிய நிற்கும் ஓவர்ஃப்ளோ குளமாக இருந்தால், வழியும் நீரைப் பிடித்துவைக்கும் பேலன்சிங் டேங்கில் உள்ள நீரையும் சேர்க்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பிபிஎம் என்ற அலகு பயமுறுத்தும், ஆனால் எளிது. 1000 லிட்டரில் ஒரு கிராம் கரைந்திருந்தால் ஒரு பிபிஎம். நம் குளத்தில் எந்தப் பொருளும் ஒரு பிபிஎம் ஏற, சுத்தமான நிலையில் 40 கிராம் வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

தமிழ்நாட்டில் வீட்டுக் குளங்கள் பெரும்பாலும் போர்வெல் நீரிலோ லாரித் தண்ணீரிலோ நிறைகின்றன. லாரித் தண்ணீரும் பல இடங்களில் வேறு யாரோ ஒருவருடைய போர்வெல் தண்ணீர்தான். பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத, ஹீட்டர் ராடில் வெள்ளையாக ஓடு கட்டுகிற தண்ணீர் குளத்திலும் அதே வேலையைத்தான் செய்யும். சிறுவாணி போன்ற மெல்லிய நீரோ மழைநீரோ ஆர்ஓ நீரோ என்றால் சிக்கல் நேர்மாறு.

நிரப்புவதற்கு முன்பே ஒரு லிட்டர் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் கட்டணத்துக்குப் பார்த்துத் தருவார்கள். அறிக்கையில் தேட வேண்டியவை: பிஹெச், மொத்த ஆல்கலினிட்டி, கால்சியம், இரும்பு, டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு). ஒரு நுணுக்கம்: அறிக்கை கால்சியத்தைத் தனிமமாகச் சொல்லும், குளத்துக் கணக்கோ கால்சியம் கார்பனேட்டாகக் கேட்கும். அறிக்கையின் எண்ணை 2.5 ஆல் பெருக்குங்கள். கால்சியம் 120 என்றிருந்தால் கால்சியம் கடினத்தன்மை 300. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மையில் 200 வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. ஆக, "குடிக்கவே நல்ல தண்ணிதான்" என்ற சான்றிதழ் குளத்துக்கு உதவாது.

ஆய்வகம் வரை போக முடியாதவர்களுக்கு இரும்பைக் கண்டுபிடிக்க ஒரு பக்கெட் போதும். வெள்ளை பிளாஸ்டிக் பக்கெட்டில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, கால் மூடி திரவ குளோரினை (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) விட்டுக் கலக்கி இரவு முழுக்க வையுங்கள். காலையில் மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் இரும்பு. கறுப்புத் துகள் படிந்தால் மாங்கனீஸ். பக்கெட்டில் நடந்தது 40,000 லிட்டரிலும் நடக்கும். இரும்பு இருப்பது தெரிந்தால், இரும்பு நீக்கும் ஃபில்டர் வழியாக நிரப்புவதோ வேறு இடத்துத் தண்ணீர் வாங்குவதோ பிறகு படும் பாட்டைவிட மலிவு.

லீக் டெஸ்டுக்காகத் தொட்டியில் நிறுத்திவைத்த தண்ணீரை அப்படியே குளத்து நீராக வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. கூடாது. புதுக் கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் குடித்துக் குடித்து அதன் பிஹெச் மிகவும் ஏறியிருக்கும். செலவைப் பார்க்காமல் இறைத்துவிட்டு, தொட்டியைக் கழுவி, சிமென்ட் தூசியை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

ஐந்து எண்கள்

பிஹெச் 7.4 முதல் 7.6 வரை. ஆல்கலினிட்டி 80 முதல் 120 வரை. கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 வரை. குளோரினை வெயிலிலிருந்து காக்கும், ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 வரை. கட்டற்ற குளோரின், அதாவது எதோடும் பிணையாமல் வேலைக்குத் தயாராக இருக்கும் குளோரின், 2 முதல் 4 வரை. பிஹெச் தவிர மற்ற நான்கும் பிபிஎம்மில். கடைசியில் சொன்னது குளோரின் என்பதைக் கவனியுங்கள். அது வேலை செய்வதும் செய்யாததும் மற்ற நான்கின் கையில்.

பிஹெச்சிலிருந்து தொடங்குவோம். தண்ணீரில் போட்ட குளோரின் இரண்டு உருவங்களாகப் பிரியும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியைக் கொல்வது இதுதான். மற்றது ஹைப்போகுளோரைட்; மந்தமானது. பிஹெச் 7.5 இல் இரண்டும் ஏறக்குறையப் பாதிப் பாதி. பிஹெச் 8 ஆனால் வேலைக்காரனான ஹைப்போகுளோரஸ் அமிலம் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 8.5 இல் பத்தில் ஒரு பங்கு. ஸ்டெபிலைசர் கலந்த நீரில் இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது என்றாலும் போக்கு அதேதான். டெஸ்டில் குளோரின் 3 என்று காட்டியும் பாசி பிடிக்கிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பிஹெச்சைப் பார்க்க வேண்டும்.

ஆல்கலினிட்டியைக் காரத்தன்மை என்று மொழிபெயர்ப்பதால் அதையும் பிஹெச்சையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பிஹெச் என்பது அமிலத்துக்கும் காரத்துக்கும் நடுவில் தண்ணீர் இப்போது நிற்கும் இடம். ஆல்கலினிட்டி அது அந்த இடத்தை விட்டு நகர எவ்வளவு மறுக்கிறது என்பது. தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்தான் பெரும்பாலும் இந்த மறுப்புக்குக் காரணம். 40 க்குக் கீழே போனால் ஒரு மழைக்கும் ஒரு மூடி ஆசிட்டுக்கும் பிஹெச் துள்ளிக் குதிக்கும். 200 க்கு மேல் இருந்தால் இன்று ஆசிட் விட்டு இறக்கிய பிஹெச் இரண்டே நாளில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். காரணம், அந்தத் தண்ணீரில் கரியமில வாயு மிகுதி. சோடா பாட்டிலைத் திறந்துவைத்ததுபோல அது காற்றில் வெளியேற வெளியேற பிஹெச் ஏறும்.

கால்சியத்தைப் புரிந்துகொள்ளத் தண்ணீருக்கும் பசி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் குறைவான நீர் சுண்ணாம்புப் பசியோடு அலையும். டைல் இடுக்கின் சிமென்ட் கிரவுட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்னும். வயிறு நிறைந்த நீர் தாங்காமல் கக்கிவிடும். டைலின்மேலும் பைப்புக்குள்ளும் ஃபில்டர் மணலிலும் வெள்ளைப் படிவாக. இந்தப் பசியை அளக்க 1936 இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்ஃப்ரெட் லாங்கிலியர் ஒரு குறியீட்டை உருவாக்கினார். நகரக் குடிநீர்க் குழாய்களுக்காக வந்தது; குளக்காரர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள்.

எளிய வடிவம் இது: பிஹெச் + வெப்பக் காரணி + கால்சியக் காரணி + ஆல்கலினிட்டிக் காரணி − 12.1. நம் ஊர்க் குளத்து நீரின் 29 டிகிரிக்கு வெப்பக் காரணி 0.7. கால்சியம் 50 என்றால் 1.3, 200 என்றால் 1.9, 400 என்றால் 2.2, 600 என்றால் 2.4. ஆல்கலினிட்டி 40 க்கு 1.6, 60 க்கு 1.8, 100 க்கு 2.0, 300 க்கு 2.5. விடை −0.3 க்கும் +0.3 க்கும் நடுவில் விழுந்தால் நிம்மதி.

ஒரு கடினமான போர்வெல் நீரை எடுத்துக்கொள்வோம்: பிஹெச் 7.8, கால்சியம் 600, ஆல்கலினிட்டி 300. கூட்டினால் 7.8 + 0.7 + 2.4 + 2.5 − 12.1 = 1.3. இந்த நீர் குளத்துக்கு வெள்ளையடிக்காமல் விடாது. மழைநீர் போன்ற மெல்லிய நீர்: பிஹெச் 7.2, கால்சியம் 50, ஆல்கலினிட்டி 40. விடை −1.3. இது கிரவுட்டைத் தின்னும். முதல் நீரில் கால்சியத்தைத் தொடாமலே, ஆல்கலினிட்டியை 60 க்கும் பிஹெச்சை 7.4 க்கும் இறக்கினால் 7.4 + 0.7 + 2.4 + 1.8 − 12.1 = 0.2. தப்பித்தது. கால்சியத்தை எடுக்க மருந்து கிடையாது; தண்ணீரை மாற்றுவது ஒன்றே வழி. மற்ற இரண்டையும் வைத்துச் சமாளிக்கலாம் என்பதே இந்தக் கணக்கின் பயன். மேலே சொன்ன ஐந்து எண்களும் கடவுள் வாக்கு அல்ல என்பதும் இதிலிருந்து தெரியும். கால்சியம் 600 உள்ள குளத்துக்கு ஆல்கலினிட்டி 60 தான் சரி. மேலே 80 என்று போட்டிருக்கிறதே என்று ஆல்கலினிட்டியை ஏற்றும் ஆப்ப சோடாவைக் கொட்டினால் கெட்டது.

புதுச் சிமென்டின் தொல்லை

பழைய குளத்துக்கும் புதுக் குளத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். பூச்சும் கிரவுட்டும் முதல் நான்கு வாரங்களுக்கு இறுகிக்கொண்டே இருக்கும்; அப்போது கால்சியம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கசியவிடும். பிஹெச் தினமும் ஏறும். காலையில் 7.5 இருந்தது மறுநாள் 8 என்று காட்டினால் டெஸ்ட் கிட்டையோ வேலைக்காரரையோ சந்தேகப்பட வேண்டாம். முதல் மாதம் தினமும் பிஹெச் பார்த்து, தினமும் கொஞ்சம் ஆசிட் விட வேண்டியிருக்கும். எபாக்சி கிரவுட் போட்டிருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். டைல் இல்லாமல் வெறும் பிளாஸ்டர் பூசிய குளத்தில் மிக அதிகம். அதில் சுவரையும் தரையையும் தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து, உதிரும் வெள்ளைத் தூளை ஃபில்டருக்கு அனுப்ப வேண்டும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருந்தாலும் அந்த ஒரு மாதம் உப்பைக் கொட்டாதீர்கள்.

வரிசையும் அளவும்

தண்ணீர் நிறைந்ததும் பம்பை ஓடவிடுங்கள். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப் நம் குளத்தை நான்கு மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும். முதல் இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடட்டும். புதுக் குளத்தின் சிமென்ட் தூசி ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். பிரஷர் கேஜ் சுத்தமான நிலையைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது நீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது.

கலங்கலோ இரும்போ இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். இரும்பு உள்ள நீரில் கொஞ்சம் குளோரின் விட்டு, கரைந்திருக்கும் இரும்பைத் துகளாக்குங்கள். நிறம் மாறும், பதறாதீர்கள். பிஹெச் 7.5 ஐத் தாண்டாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் கறை சுவரில் ஏறும். பிறகு படிகாரம். 1000 லிட்டருக்கு 30 கிராம் வீதம் 1.2 கிலோவைப் பக்கெட்டில் கரைத்துப் பரவலாக ஊற்றுங்கள். ஃபில்டரின் மல்டிபோர்ட் வால்வை (நீர் போகும் வழியை மாற்றும் பல நிலை வால்வு) "ஃபில்டர்" நிலையில் வைக்காமல், மணலைத் தொடாமல் சுற்றவிடும் "ரீசர்குலேட்" நிலையில் வைத்து ஒரு மணி நேரம் கலக்கி, பம்பை நிறுத்தி இரவு முழுக்க விட்டால் காலையில் எல்லாம் தரையில் மெத்தைபோலப் படிந்திருக்கும். வேக்கம் பைப்பை மெதுவாக நகர்த்தி, வால்வை வேஸ்ட்டில் வைத்து வெளியே தள்ளுங்கள். ஃபில்டர் வழியாக இழுத்தால் பாதி திரும்பிக் குளத்துக்கே வந்துவிடும். இந்தப் படிகாரம் ஆல்கலினிட்டியில் சுமார் 15 பிபிஎம்மைத் தின்றிருக்கும். அதனால்தான் ஆல்கலினிட்டியைத் திருத்துவது இதற்குப் பிறகு.

ஆல்கலினிட்டி குறைவாக இருந்தால் ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். 10 பிபிஎம் ஏற்ற நம் குளத்துக்கு 670 கிராம். சலவை சோடாவை இதற்குப் பயன்படுத்தினால் பிஹெச் தாறுமாறாக ஏறும். பிஹெச் நிஜமாகவே 7.2 க்குக் கீழே விழுந்த குளத்துக்கு மட்டும் அது.

போர்வெல் குளங்களில் வழக்கமான சிக்கல் மிகுதியான ஆல்கலினிட்டி. இதற்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். 30 முதல் 33 சதவீத வீரியமுள்ள கேன். கழிவறை கழுவும் ஆசிட்டில் வீரியமும் தெரியாது, வாசனையும் நிறமும் வேறு கலந்திருக்கும், அது வேண்டாம். 10 பிபிஎம் இறக்க நம் குளத்துக்கு ஏறத்தாழ 800 மில்லி. 300 ஐ 80 க்குக் கொண்டுவர மொத்தம் 17, 18 லிட்டர். இதை ஒரே நாளில் ஊற்றினால் பிஹெச் பாதாளத்துக்குப் போய்க் கிரவுட்டும் பம்பின் உலோக பாகங்களும் கரையும். செய்முறை இப்படி: பிஹெச் 7.0 வரை வரும் அளவுக்கு ஆசிட் விடுங்கள். முதல் சுற்றுக்கு மூன்று லிட்டரைத் தாண்டும், அதைப் பல தவணையாக, நடுவே டெஸ்ட் செய்து விடுங்கள். பிறகு தண்ணீர் காற்றோடு அலைமோதட்டும். குளத்துக்குள் நீர் திரும்பி வரும் இன்லெட் கண்களை மேல்நோக்கித் திருப்புங்கள், அருவியோ நீரூற்றோ இருந்தால் ஓடவிடுங்கள். கரியமில வாயு வெளியேறி பிஹெச் மட்டும் தானாக 7.8 வரை ஏறும். இறங்கிய ஆல்கலினிட்டி ஏறாது. மறுபடி ஆசிட். இப்படி ஏழெட்டுச் சுற்று. பத்து நாள் ஆகலாம். ஆசிட்டை ஒரே இடத்தில் தூண்போல ஊற்றினால் ஆல்கலினிட்டி மட்டும் குறையும் என்றொரு நம்பிக்கை உலவுகிறது. உண்மையல்ல, அந்த இடத்துக் கிரவுட்தான் குறையும்.

அந்தப் பத்து நாளும் குளோரினே இல்லாமல் விட்டால் பாசி முந்திக்கொள்ளும். ஆகவே தினமும் சாயங்காலம் திரவ குளோரின் கொஞ்சம் விட்டு 1, 2 பிபிஎம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் விட்ட உடனே அல்ல. ஒரு முழுச் சுற்று பம்ப் ஓடிய பிறகு.

ஆல்கலினிட்டி அடங்கியதும் பிஹெச் தானாகவே அருகில் வந்திருக்கும். 7.8 இலிருந்து 7.5 க்கு இறக்க, ஆல்கலினிட்டி 100 உள்ள நம் குளத்துக்குச் சுமார் 300 மில்லி ஆசிட். முதலில் 200 விட்டுப் பாருங்கள்.

மெல்லிய நீரில் கால்சியம் ஏற்ற கால்சியம் குளோரைடு செதில். 10 பிபிஎம்முக்கு 590 கிராம். 50 இலிருந்து 200 க்கு ஏற்ற 8.8 கிலோ. கரையும்போது நன்றாகச் சூடேறும். பக்கெட் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், ஒரு நாளில் மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆப்ப சோடா போட்ட அதே நாளில் போட்டால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகிக் குளம் வெளுக்கும்.

பிறகு ஸ்டெபிலைசர். திறந்தவெளிக் குளத்தில் இது இல்லாவிட்டால் நம் உச்சிவெயில் ஒரு மணி நேரத்தில் பாதி குளோரினைக் காலி செய்துவிடும். 30 பிபிஎம்முக்கு 1.2 கிலோ. லேசில் கரையாது, பழைய சாக்ஸில் கட்டி இன்லெட் முன்னால் தொங்கவிட்டு அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து டெஸ்ட் செய்தால்தான் சரியான எண் தெரியும். கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு இது தேவையே இல்லை.

எந்தக் குளோரின்?

வெயில் காலத்தில், ஸ்டெபிலைசர் உள்ள வீட்டுக் குளம் நாளொன்றுக்கு 2 முதல் 3 பிபிஎம் குளோரினை இழக்கும். நம் குளத்துக்கு நடுத்தரமாக 2.5 என்று வைத்தால் 100 கிராம். 10 சதவீதத் திரவ குளோரினில் ஒரு லிட்டர். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 155 கிராம். குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்த டிசிசிஏ 90 மாத்திரையில் 110 கிராம். சுமக்கும் எடையை மட்டும் பார்த்தால் டிசிசிஏ மாத்திரைதான் வெல்லும். ஆனால் மிச்சத்தைப் பாருங்கள். ஒரு மாதத்தில் டிசிசிஏ சயனூரிக் அமிலத்தில் 45 பிபிஎம் ஏற்றும், பிஹெச்சையும் ஆல்கலினிட்டியையும் இறக்கிக்கொண்டே போகும். கால்சியம் ஹைப்போகுளோரைட் கால்சியத்தில் 50 க்கு மேல் ஏற்றும். திரவ குளோரின் விடுவது சாதா உப்பு மட்டும், 120 பிபிஎம் சொச்சம்.

போர்வெல் நீர்க் குளத்துக்குத் திரவ குளோரின்தான் நம் சிபாரிசு. ஏற்கெனவே கால்சியம் 600 இருக்கும் இடத்தில் கால்சியம் ஹைப்போகுளோரைட் போடுவது பித்தம் உள்ளவருக்குக் காபி கொடுப்பதுபோல. மெல்லிய நீர்க் குளத்துக்கோ அது வரம். குளோரினும் கிடைக்கும், கால்சியமும் கிடைக்கும். டிசிசிஏவை ஊருக்குப் போகும் வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அதையே போட்டால் ஸ்டெபிலைசர் 130 ஐத் தாண்டும். அப்போது குளோரின் 3 இருந்தும் பாசி பச்சையாகச் சிரிக்கும். கட்டற்ற குளோரின் எப்போதும் ஸ்டெபிலைசரின் 7.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல்: 40 க்கு 3. 130 க்கு ஏறக்குறைய 10, அது நடக்கிற காரியமல்ல.

சாதா ப்ளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். கரையாத சுண்ணாம்பு குளத்தின் அடியில் தங்கும். கிணற்றுக்குச் சரி, குளத்துக்கு வேண்டாம். பாசிக்கு மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) போடும் பழக்கமும் உண்டு. செம்பு எங்கும் போகாது. பிஹெச் ஏறும் நாளில் சுவரில் நீலப்பச்சையாகவும், நரைத்த தலையில் பச்சைச் சாயமாகவும் வந்து நிற்கும்.

திரவ குளோரின் வெப்பத்தில் வாரந்தோறும் வீரியம் இழக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவை வாங்கி அடுக்காதீர்கள். ஊற்றுவது சூரியன் இறங்கிய பிறகு, பம்ப் ஓடும்போது.

குளத்தில் நெடி அடித்துக் கண் எரிந்தால் குளோரின் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் தலைகீழ். வியர்வை, சிறுநீரின் நைட்ரஜனோடு பிணைந்துபோன குளோரின்தான் அந்த நாற்றம். மொத்தக் குளோரினிலிருந்து கட்டற்றதைக் கழித்தால் பிணைந்தது கிடைக்கும். அது 0.5 ஐத் தாண்டினால் அதைப்போலப் பத்து மடங்கு குளோரினை ஒரே இரவில் விட்டு உடைக்க வேண்டும். 0.5 க்கு 5 பிபிஎம், அதாவது நம் குளத்துக்கு இரண்டு லிட்டர். கட்டற்ற குளோரின் 4 க்கு இறங்கும்வரை யாரும் இறங்கக்கூடாது.

டெஸ்ட் கிட்

மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ கிட் மலிவு. ஆனால் மொத்தக் குளோரினை மட்டும் காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள். நீரை இன்லெட்டுக்கு எதிர்முனையில், முழங்கை மூழ்கும் ஆழத்தில் எடுங்கள். குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது டிபிடி நிறம் வெளுத்துப் பூஜ்யம் என்று ஏமாற்றும். பிஹெச் துளியும் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய் உயர்வாகக் காட்டும். குளோரின் எகிறியிருக்கும் நாளில் எடுத்த பிஹெச்சை நம்பி ஆசிட் விட்டுவிடாதீர்கள். முதல் மாதம் பிஹெச்சும் குளோரினும் தினமும், ஆல்கலினிட்டி வாரம் இருமுறை. கால்சியமும் ஸ்டெபிலைசரும் மாதம் ஒருமுறை போதும்.

உயிர் போகும் தவறுகள்

ஆசிட்டும் குளோரினும் ஒரே பக்கெட்டில், ஒரே கரண்டியில், ஒரே அலமாரியில் சந்திக்கக்கூடாது. வருவது குளோரின் வாயு. டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் பார்க்க ஒரேபோல வெள்ளைத் துகள். ஈரத்தில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. பத்துப் பங்கு நீருள்ள பிளாஸ்டிக் பக்கெட்டில் கலந்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, ஆழமான பகுதியில் நடந்துகொண்டே ஊற்றுங்கள். ஆசிட் கேனைப் பம்ப் அறையில் வைத்தால் அதன் ஆவியில் மோட்டாரும் பேனல் போர்டும் துருவேறும்.

வெயிலும் மழையும்

வெயிலில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று வைப்போம். 32 சதுர மீட்டர் பரப்புக்கு அது 160 லிட்டர், மாதம் 4800 லிட்டர். தண்ணீர் போகும், அதிலிருந்த சுண்ணாம்பு போகாது. ஈடுகட்ட 600 பிபிஎம் நீரையே விட்டால் கால்சியம் மாதம் 70 க்கு மேல் ஏறும். ஈடுகட்டும் நீரையாவது மொட்டைமாடி மழைநீர்த் தொட்டியிலிருந்தோ சாஃப்ட்னர் வழியாகவோ விடுவது பெரிய உதவி.

வடகிழக்குப் பருவமழை இதை ஓரளவு சரிசெய்யும். 100 மில்லிமீட்டர் மழை குளத்தில் 3200 லிட்டர் மெல்லிய நீரைச் சேர்க்கிறது. அவ்வளவும் வழிந்தோடினால் எல்லா எண்ணும் கிட்டத்தட்ட 8 சதவீதம் இறங்கும். கனமழைக்கு மறுநாள் ஆல்கலினிட்டியும் குளோரினும் பாருங்கள். கால்சியமோ ஸ்டெபிலைசரோ மிஞ்சிப்போய்த் தண்ணீரை மாற்ற வேண்டிய குளமாக இருந்தாலும் மழைக்காலத்தில் முழுவதும் இறைத்துவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் போல நிலத்தடி நீர் மேலேறும் இடங்களில், காலியான தொட்டியை மண்ணடி நீர் கப்பலைப்போலத் தூக்கி விரிசல் விட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு இறைத்து நிரப்பி, சில நாள் கழித்து மறுபடி ஒரு பங்கு என்று மாற்றுங்கள். ஸ்டெபிலைசர் 120 இருந்த குளம் மூன்று தவணையில் 35 க்கு வந்துவிடும்.